பின் சீட்டுக்காரி

ஏஜென்சியிலிருந்து ஒரு நாள் கூலிக்கு ஆக்டிங் டிரைவர் யார் வந்தாலும் சாவியைக் கொடுப்பதற்கு முன்னால் லைசென்ஸை வாங்கிப் பார்த்துவிடுவேன். இன்சூரன்ஸ் போட்டுத் தருகிற ஜெகதா பழக்கிய பழக்கம் அது. வண்டி உங்க பேர்ல இருக்கு, பாலிசியும் உங்க பேர்லதான், ஆனா ஓட்டறவன் லைசென்ஸ் சரியில்லேன்னா நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா கம்பெனிக்காரன் கையை விரிச்சுடுவான்க்கா என்பாள். இன்றைக்குக் காலையில் வந்தவருடையதையும் வாசலிலேயே வாங்கிப் பார்த்தேன். தேதி சரியாக இருந்தது, போட்டோ பழையது, பெயர் அர்த்தநாரி. திருச்செங்கோட்டுப் பக்கம் தெருவுக்கு ஒரு அர்த்தநாரி இருப்பார் என்று நினைத்துக்கொண்டே சாவியைக் கொடுத்துவிட்டுப் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். கோயமுத்தூரில் டாக்டரைப் பார்க்க வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போவது, மாத்திரையைக் கூட்டவா குறைக்கவா என்று அவர் பார்ப்பார். பையில் பழைய ஸ்கேன், தண்ணீர் பாட்டில், என் தையல் யூனிட்டிலிருந்து ஒரு கொசுவலை, அது டாக்டர் வீட்டம்மாவுக்கு. கரூர் தாண்டுகிற வரைக்கும் கொசுவலை ஆர்டரைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டு வந்தேன், நீல வலையில் தையல் பிரிகிறது என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள், யார் மிஷினில் தைத்தது என்று பார்க்க வேண்டும். பரமத்தி கிட்டே வரும்போது அவர் கேட்டார், ஏசி போடட்டுங்களா என்று. அவ்வளவுதான் கேட்டார். அந்தக் குரலை நான் கடைசியாகக் கேட்டு இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, ஆனாலும் என் காது அதை எங்கேயோ பத்திரமாக எடுத்து வைத்திருந்திருக்கிறது. வேண்டாம் என்றேன். அப்புறம் அவருடைய பிடரியைப் பார்த்தேன், காதுக்குக் கீழே உளுந்து அளவுக்கு ஒரு மரு. அன்றைக்கும் இப்படித்தான் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தேன், அன்றைக்கும் முன்னால் இதே பிடரி, முடி மட்டும் கறுப்பு. வழி முழுக்க அந்த மருவைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன், வேறு எதைப் பார்த்தாலும் அழுகை வந்துவிடும் என்று.

அவர் என் புருஷன் லோகநாதனுக்குத் தாய்மாமன். சொந்தமாக அம்பாசிடர் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார், அதனாலேயே அந்த வீட்டில் அவர் பேச்சுக்கு ஒரு எடை இருந்தது. கல்யாணமாகி மூன்றாம் மாதம் ஒரு காலையில் அடுப்படியில் நான் விழுந்தேன். விழுவதற்கு முன்னால் எனக்கு ஒரு வாசனை வரும், நனைந்த சாம்பல் வாசனை, அது வந்தால் உட்கார்ந்துகொள்ள வேண்டும் என்று எனக்குத் தெரியும், ஆனால் அன்றைக்கு அடுப்பே சாம்பல் வாசனை அடித்தது, எது எந்த வாசனை என்று பிரித்துப் பார்ப்பதற்குள் கீழே கிடந்தேன். கண் விழித்தபோது கையில் இரும்புச் சாவி ஒன்றைத் திணித்திருந்தார்கள். என் பவுடர் டப்பாவைக் கவிழ்த்து, ஒளித்து வைத்திருந்த மாத்திரையை எடுத்துக் கட்டிலில் பரப்பியிருந்தார்கள், அதைச் சுற்றி அந்த வீடே நின்றுகொண்டிருந்தது. லோகநாதன் வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். அவன் அன்றைக்கு முழுக்க என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, அதற்கப்புறம் எந்த நாளும் பேசவில்லை. பேசியது இந்த அர்த்தநாரிதான். மறைச்சுக் கட்டி வெச்சிருக்காங்க, கொண்டுபோய் விட்டுட்டு வந்துடறேன் என்று சொல்லிவிட்டு வண்டியைத் துடைக்கப் போனார். எதற்குத் துடைத்தார் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. ஒரு பெண்ணை வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிற வண்டி சுத்தமாக இருந்தால் என்ன, அழுக்காக இருந்தால் என்ன. கரூரில் எங்கள் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தால்கூட நான் பொறுத்திருப்பேன். தெருமுனையில் நிறுத்தினார், குழாயடியில் தண்ணீர் பிடிக்கிற கூட்டம் நின்ற இடத்தில். அங்கிருந்தே அப்பாவைக் கூப்பிட்டார். உங்க புள்ளைக்கு வலிப்பு இருக்குதுங்க, நெருப்புக்கிட்ட தண்ணிக்கிட்டத் தனியா விடாதீங்க, பார்த்துக்குங்க என்றார். அக்கறையாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குத் தொண்டையில் நிற்கிறது, அந்த அக்கறை. குடத்தைக் கீழே வைத்துவிட்டு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், குழாயில் தண்ணீர் சும்மா போய்க்கொண்டிருந்தது, யாரும் மூடவில்லை. ஏங்க இப்படித் தெருவுல வெச்சுச் சொல்றீங்க என்று அப்பா கேட்டதற்கு, நான் பொய்யொண்ணும் சொல்லலீங்களே என்றார். உண்மை. பொய் சொன்னது அப்பாதான், அப்பாவோடு சேர்ந்து நானும். அதனால்தான் அப்பா என் பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார், அப்புறம் சாகிற வரைக்கும் அந்தத் தெருமுனை டீக்கடைக்குப் போகவில்லை. தங்கச்சியைப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாம் அக்காவுக்கு என்னமோ சொல்றாங்களே என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவளுக்குக் கடைசியில் ஓசூரில், யாருக்கும் எங்களைத் தெரியாத ஊரில்தான் முடிந்தது.

அந்த ஆள் இப்போது என் வண்டியை ஓட்டுகிறார். என் வண்டி. தென்னிலை தாண்டும்போது மெதுவாக அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன், என் வண்டி, உன் கூலி. ஷோரூமில் எல்லாக் கையெழுத்தும் நான் போட்ட பிறகும் சார் வரலீங்களா என்று கேட்டான் அந்தப் பையன். ஓட்டத் தெரியாதவளுக்கு எதுக்கு காரு என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். லைசென்ஸ் இல்லாமல் வண்டி வாங்கலாம், ஆர்.சி. என் பெயருக்கு வரும், இன்சூரன்ஸ் என் பெயருக்கு வரும், ஓட்டத்தான் கூடாது, இவ்வளவுதான் சட்டம். ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஜெகதா பேனாவால் கோடு போட்டாள், ஓனர் டிரைவருக்குன்னு ஒரு விபத்துக் காப்பு உண்டுக்கா, உங்களுக்கு லைசென்ஸ் இல்லாததால அது போட வராது என்று. எதிரே வருகிறவனுக்கு உண்டு, கூலிக்கு ஓட்டுகிறவனுக்கு உண்டு, வண்டிக்காரிக்கு இல்லை. நான் சிரித்தேன், அவள் சிரிக்கவில்லை. லைசென்ஸுக்கு நான் போகாமலில்லை. டிரைவிங் ஸ்கூலில் ரெண்டு நாள் ஓட்டிய பிறகு ஃபாரத்தை நீட்டினார்கள், வலிப்பு, மயக்கம் உண்டா என்று ஒரு கேள்வி. இல்லைன்னு போடுங்கக்கா, யாரு வந்து பார்க்கப் போறாங்க என்றார் ஸ்கூல்காரர். பேனாவை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். இல்லை என்று போடக் கை வரவில்லை. இன்னொரு தடவை யாரோ பவுடர் டப்பாவைக் கவிழ்த்துவிட்டு என்னைச் சுற்றி நிற்பதை என்னால் தாங்க முடியாது. ஆம் என்று போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன், லைசென்ஸ் வரவில்லை. கடைசியாக விழுந்து பதினொரு வருஷம் ஆயிற்றும்மா, வேறு சில நாட்டில் என்றால் உங்களுக்கு லைசென்ஸ் கொடுப்பார்கள் என்று டாக்டர் சொல்லுவார். வேறு நாட்டில் எனக்கு என்ன வேலை.

பிடரியைப் பார்த்துக்கொண்டே என்னென்னவோ யோசித்தேன். வண்டியை நிறுத்தச் சொல்லி வெயிலில் இறக்கிவிடலாம். வண்டியில் வைத்த பணத்தைக் காணவில்லை என்று ஏஜென்சி பஷீர் பாய்க்குப் போன் போடலாம். அது பொய், பொய் வேண்டாம், இவர் பொய் சொல்லாதவர், இவரைப் பொய்யால் அடித்தால் அது சரியாக விழாது. கோபம் ஏற ஏற உள்ளே பயமும் ஏறியது, எங்கேயாவது அந்த வாசனை வருகிறதா என்று மூக்கை உறிஞ்சிப் பார்த்துக்கொண்டேன், சீட் கவர் வாசனைதான் வந்தது, அவர் போட்டிருந்த தைல வாசனையும். இந்த ஆள் முன்னால் மட்டும் விழக்கூடாது சாமி, யார் முன்னால் வேண்டுமானாலும் விழுகிறேன். அப்போதுதான் கவனித்தேன், அவர் ஸ்டியரிங் மேல் கவிழ்ந்த மாதிரி முன்னால் சாய்ந்து ஓட்டுகிறார். வேகத்தடைக்குக் கடைசி நொடியில் பிரேக் பிடிக்கிறார், ஏறி இறங்கின பிறகுதான் தெரிந்த மாதிரி ஒரு பெருமூச்சு. பைபாஸ் பிரிகிற இடத்தில் வண்டியை மெதுவாக்கி, அந்தப் போர்டுல வெள்ளகோவில்னுதானுங்களே போட்டிருக்குது என்றார். கட்டில் அகல எழுத்து, பச்சையில் வெள்ளை. ஆமாம் என்றேன். என் கோபம் சட்டென்று அடங்கி உட்கார்ந்தது, எலியைப் பார்த்த பூனை மாதிரி. கொஞ்ச தூரம் போனதும், அந்தக் கடைப் பேர் என்னங்க, என் கண்ணாடியை மறந்துட்டேன் என்றேன். எந்தக் கடைங்க என்றார். அதோ, பெரிசா எழுதியிருக்கே. எண்ணெய்க் கடையாட்டம் இருக்குதுங்க என்றார். அது பள்ளிக்கூடம். இன்னொரு இடத்தில் கொப்பரை காயப்போட்ட களத்தைக் காட்டி அங்கே என்ன காயுது என்று கேட்டேன். நெல்லுங்களா என்று என்னையே திருப்பிக் கேட்டார். எனக்கு உள்ளே இனித்தது, நாக்கில் உண்மையாகவே இனிப்பு ஊறியது. நாற்பது தாண்டினால் கண் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் கையெழுத்து வாங்கித்தான் லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். யாரோ போட்டுக் கொடுத்திருக்கிறான். நான் ஆம் என்று போட்ட இடத்தில் நீ இல்லை என்று போட்டிருக்கிறாய். மறைத்துத்தானே ஓட்டுகிறாய், மறைத்துக் கட்டி வைத்த மாதிரி. இதைச் சொல்லத்தான் வேண்டும், சொன்னால் அது நியாயம்கூட, ஆனால் இப்போது இல்லை, இன்னும் கொஞ்ச தூரம் போகட்டும், இன்னும் ரெண்டு போர்டு படிக்கட்டும். கிளுவை வேலியும் வெள்வேல மரமும் ஜன்னலில் ஓடிக்கொண்டே இருந்தது, காற்றாலைகள் மெதுவாகச் சுற்றின, எனக்கு அவசரமே இல்லை. அவர் வேகத்தைக் குறைக்கவில்லை, குறைத்தால் எனக்குச் சந்தேகம் வரும் என்று நினைத்திருப்பார்.

முன்னால் ஒரு பொம்பளை சைக்கிளில் ரெண்டு பக்கமும் குடத்தைக் கட்டித் தள்ளிக்கொண்டு போனாள். சிவப்புச் சேலை. எனக்கு ரொம்ப தூரத்திலேயே தெரிந்தது, அவருக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் நினைத்தேன், சிவப்பு யாருக்கும் தெரியும். வண்டி நேராக அவளைப் பார்த்துப் போனது. பிடரி அசையவே இல்லை. நான் கத்தினது எனக்கே கேட்கவில்லை, பிரேக் சத்தமும் பிளாஸ்டிக் குடம் நசுங்குகிற சத்தமும்தான் கேட்டது, தண்ணீர் கண்ணாடி முழுக்க அடித்தது. வண்டி குறுக்கே திரும்பி மண்ணில் இறங்கி நின்றது. அவள் நின்றுகொண்டிருந்தாள். சைக்கிள் கீழே கிடந்தது, அவள் நின்றுகொண்டிருந்தாள், இடுப்புக்குக் கீழே நனைந்து, கையை இன்னும் ஹேண்டில்பாரைப் பிடித்த மாதிரியே வைத்துக்கொண்டு. நான் இறங்கி ஓடி அவள் கையைப் பிடித்து எங்காவது பட்டதா, எங்காவது பட்டதா என்று கேட்டேன். படலைங்க என்றாள், அப்புறம்தான் அழ ஆரம்பித்தாள், அழுதுகொண்டே என்னையும் வண்டியையும் வண்டி வாங்கிக் கொடுத்தவனையும் திட்டினாள். சேலை நுனியைப் பிழிந்துவிட்டு, ஒரு குடம் மட்டும் முழுசாக இருக்கிறது என்று பார்த்துக் கட்டிக்கொண்டு போனாள். அவள் செத்திருந்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். லைசென்ஸ் சரி, இன்சூரன்ஸ் சரி, பேப்பரில் எல்லாம் சரி, கம்பெனிக்காரன் கையை விரிக்க மாட்டான். எனக்குத் தெரியும் என்பது எந்தப் பேப்பரிலும் இருக்காது. வெள்ளகோவிலில் இருந்து எனக்குத் தெரியும். இனிக்க இனிக்கத் தெரிந்து வைத்துக்கொண்டு வந்தேன். அதற்கும் சேர்த்து அவர் மேல்தான் கோபம் வந்தது, என்னை இந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்துவதற்கு இந்த ஒரு ஆளுக்குத்தான் முடிகிறது.

அவர் கதவைத் திறந்துகொண்டு இறங்கி பானட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். திடீர்னு குறுக்க வந்துட்டாங்க என்றார். குறுக்க வரல, உங்களுக்குக் கண்ணு தெரியல என்றேன். சக்கரை வியாதிங்க, கண்ணுல ஊசி போட்டா சரியாப் போகும்னாங்க, வெள்ளை வெயில்லதான் இப்படி என்றார். என்னைத் தெரியுதா என்று கேட்டேன். முகத்தை என் பக்கம் திருப்பினார், கண் ரெண்டும் என் தோளுக்கு மேலே எங்கேயோ நின்றது. மூஞ்சி சரியாத் தெரியலீங்க என்றார். லோகநாதனுக்குக் கட்டின பொண்ணு, கரூர்ல கொண்டுவந்து விட்டீங்களே, கோகிலவாணி என்றேன். எத்தனையோ வருஷமாக இந்த வாக்கியத்தைத் தலையணையில் முகத்தை வைத்துச் சொல்லிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் எதிரே நிற்கிறவர் கூனிப் போவார். இவர் கூனவில்லை. அந்தப் புள்ளையா என்றார். பானட்டை விட்டு ஒரு அடி கிட்டே வந்தார், கையை நீட்டி, தொடாமல் நிறுத்திக்கொண்டார்.

"அன்னைக்கு வழி பூரா நீ வாயைத் தொறக்கல அம்மிணி. எனக்கு உசுரே இல்ல. வண்டியில வெச்சு வந்துருச்சுன்னா ஒத்தை ஆம்பளை என்ன பண்றதுன்னு பயந்துட்டே ஓட்டினேன்."

அவர் பயந்தாரா. எனக்கு அது வேண்டாம். அந்தப் பிடரிக்குள் பயம் இருந்தது என்று தெரிந்து நான் என்ன செய்ய, இத்தனை வருஷம் அது எனக்குக் கல்லாக இருந்தது, கல்லாகவே இருந்துவிட்டுப் போகட்டும். போனை எடுத்தேன். டயல் பண்ணுகிற சத்தம் கேட்டதும் அவருக்குப் புரிந்துவிட்டது. பஷீர் பாய்கிட்ட சொல்லிராதே அம்மிணி என்றார். வீட்டில் யாருக்கும் தெரியாது, மகனுக்குத் தெரிந்தால் வேலைக்குப் போகவேண்டாம் என்பான், சும்மா உட்கார்ந்தவனுக்கு மருமகள் சோறு போடுகிற கை மாறிப் போகும் என்றெல்லாம் சொன்னார், அழவில்லை, வண்டி வாடகை பேசுகிற குரலில்தான் சொன்னார். பாய் எடுத்தார். அர்த்தநாரி கேட்டுக்கொண்டிருக்கும்போதே சொன்னேன். இந்த ஆளுக்குக் கண் தெரியவில்லை, இப்போது ஒரு பொம்பளை பிழைத்தது பெரிது, இனி யாருக்கும் அனுப்பாதீர்கள், எனக்கு வேறு ஆளை அனுப்புங்கள் என்று. பாய் பதறிப்போய்க் காங்கேயத்தில் ஒரு ஆள் இருக்கிறான், கிளம்பி வரச் சொல்கிறேன் என்றார். போனை வைத்தேன். நான் பொய் ஒண்ணும் சொல்லலீங்களே என்றேன் அவரிடம். அவருக்கு அது எங்கே இருந்து வருகிற வாக்கியம் என்று ஞாபகம் இல்லை. இல்ல, நெசந்தான் என்றார். சாவியை என் கையில் வைத்துவிட்டு, நான் பஸ்ல போயிக்கறேன் அம்மிணி, ஆள் வர்ற வரைக்கும் கதவைச் சாத்திக்கிட்டு உள்ள உக்காந்துக்கோ, இது ஆள் நடமாட்டமில்லாத இடம் என்றார். அக்கறை. மறுபடியும் அந்த அக்கறை.

ரோட்டோரத்தில் நின்று காதை ரெண்டு பக்கமும் திருப்பிக் கேட்டுவிட்டு அவர் எதிர்ப்பக்கம் போனார், கரூர் போகிற பக்கம். நான் பின் சீட்டிலேயே உட்கார்ந்துகொண்டேன். சாவி மடியில் கிடந்தது. முன்னால் ஸ்டியரிங், யாருமில்லாத சீட், அதில் அவர் உட்கார்ந்த பள்ளம். ஏறி உட்கார்ந்து திருப்பினால் வண்டி கிளம்பிவிடும், அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, டிரைவிங் ஸ்கூலில் ரெண்டு நாள் ஓட்டியிருக்கிறேன். மாட்டேன். திருச்சி பஸ் ஒன்று வந்தது. முன் கண்ணாடிக்கு மேலே பெரிசாக எழுதியிருந்தது, கரூர் வழி. அவர் கையை நீட்டவில்லை. பஸ் அவரைத் தாண்டிப் போன பிறகு நீட்டினார், அப்புறம் கையை மடக்கிச் சட்டையைத் தடவிக்கொண்டார், யாராவது பார்த்திருப்பார்கள் என்று. நான்தான் பார்த்தேன். தண்ணீர் லாரி ஒன்றுக்குக் கையை நீட்டினார். லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டு போனான். நாக்கில் மறுபடியும் அந்த இனிப்பு, ஆனால் இப்போது மாத்திரை கரைகிற ருசியோடு. இன்னொரு பஸ் வந்தது. அவர் என் வண்டி இருக்கிற பக்கம் திரும்பி, அம்மிணி, அது கரூர் வண்டியா என்று கூப்பிட்டுக் கேட்டார். கரூர் வண்டிதான். நான் பேசவில்லை. பஸ் போயிற்று. அவர் அங்கேயே நின்றார், வெயில் தலைக்கு நேரே ஏறிக்கொண்டிருந்தது, அவர் செருப்பை ஒரு காலால் கழற்றிவிட்டு, சுட்டதும் மறுபடி மாட்டிக்கொண்டார். எனக்கு டாக்டர் ஞாபகம் வந்தது, என் டோக்கன் இந்நேரம் போயிருக்கும். இந்த ஆளுக்கு மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் சக்கரை ஊசி இருக்குமோ, அது கையில் இருக்கிறதோ இல்லையோ. இதையெல்லாம் நான் எதற்கு யோசிக்க வேண்டும். தூரத்தில் இன்னொரு பஸ் தெரிந்தது. சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினேன். ரோட்டைக் கடந்து அவர் பக்கத்தில் போய் நின்றேன், நான் வந்தது அவருக்குத் தெரியவில்லை. நடு ரோட்டுக்குப் போய்க் கையை நீட்டி நிறுத்தினேன், பஸ் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. அவர் முழங்கையைப் பிடித்துப் படியில் ஏற்றினேன். ஒல்லியாக இருந்தது கை. நல்லா இரு அம்மிணி என்றார் மெதுவாக. நான் தலையை நிமிர்த்தி, பஸ்ஸில் கடைசி சீட்டு வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"கண்டக்டர், இந்தப் பெரியவருக்குக் கண்ணு தெரியாது. டிரைவர் வேலை பார்த்தவர், இனி முடியாது. கரூர்ல பார்த்து இறக்கி விடுங்க, தனியா விட்டுறாதீங்க."

எல்லாத் தலையும் திரும்பியது. ஜன்னல் ஓரத்தில் பூக்கூடை வைத்திருந்த ஒருத்தி அடப்பாவமே என்றாள். யாரோ எழுந்து இடம் விட்டார்கள், கண்டக்டர் அவர் தோளைப் பிடித்து, பெரியவரே இப்படி வாங்க, இப்படி வாங்க என்று குழந்தையைக் கூட்டிப் போவது போலக் கூட்டிக்கொண்டு போனார். அவர் முகம் கறுத்துப் போயிருந்தது. எனக்குத் தெரியும்படிதான் திரும்பி நின்றிருந்தார், ஆனால் என்னைப் பார்க்கவில்லை, பார்த்தாலும் தெரிந்திருக்காது. பஸ் கிளம்பியது. நான் எதிர்ப்பக்கமே நின்றுகொண்டிருந்தேன், அந்தப் பக்கம் என் வண்டி மண்ணில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது, காங்கேயத்துக்காரன் இன்னும் வரவில்லை. உள்ளே இப்போது அவர் உட்கார்ந்திருப்பார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டிருப்பார். எந்த ஊருங்க, எத்தனை நாளா இப்படி, வீட்டுல யாரும் இல்லையா என்று கேட்பார்கள். பதில் சொன்னாலும் பார்ப்பார்கள், சொல்லாவிட்டாலும் பார்ப்பார்கள். வெள்ளகோவிலில் கொஞ்சம் பேர் இறங்கி வேறு கொஞ்சம் பேர் ஏறுவார்கள், ஏறினவர்களுக்கு இருக்கிறவர்கள் சொல்லுவார்கள். கரூர் வரைக்கும் பார்த்துக்கொண்டே வருவார்கள்.